நோகாத முழங்கால்

மகனே,

போன வாரம் நீ டிவி மேல் வைத்துவிட்டுப் போன பதினெட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டேன். "நம்ம பக்கத்துப் பட்டாசு ஆலையில ஆம்பளைகளைப் பேட்டி எடுத்துச் செஞ்ச ஆய்வுப்பா. அதை ஒழுங்காச் செஞ்சிருக்காகளான்னு நான் மதிப்பிட்டு எழுதியிருக்கேன். அவுக அறிக்கையும் கூடவே இருக்கு. தப்பு இருந்தாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். சமூகப்பணி படிக்கிற மகன், பத்தாவதோடு நின்ற அப்பனிடம் தப்பு கண்டுபிடிக்கச் சொல்கிறானே என்று அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா சித்தியைப் பார்க்க நாரணாபுரம் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பிலேயே தற்கொலை என்ற சொல் இருந்தது. நம் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. நீயும் சொல்லாமல்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

தப்பு இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போனில் எனக்கு அது வராது, அதனால்தான் எழுதுகிறேன். நீ இதை உன் வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்தான். அதற்கு முன்னால் ஒரு தடவை தனியாக, கடைசி வரைக்கும் படித்துவிடு. நடுவில் போன் எடுக்காதே.

ஆய்வு செய்தவர்கள் ஊர் பெயரையும் ஆலைப் பெயரையும் மறைத்துவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்கள், ஆளுக்கு ஒரு எண். ஒன்பதாம் பக்கத்தில் நீ ஒரு பேச்சை அப்படியே எடுத்துப் போட்டு, 'மிகவும் அழுத்தமான மேற்கோள்' என்று பாராட்டி எழுதியிருக்கிறாய். "எனக்கு என்ன குறைங்க, பொண்டாட்டி பிள்ளைக இருக்காக, அவுகளை நினைச்சா சாவு நெனப்பு எப்படி வரும்?" என்று பங்கேற்பாளர் நான்கு சொன்னதாக இருக்கிறது. மகனே, அந்த நான்காவது ஆள் நான்தான். அதைச் சொன்ன நேரத்தில் எனக்கு அந்த நினைப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பயந்துவிடாதே. உட்கார்ந்து மேலே படி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுதக் கை போகிறது, அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. இன்றைக்கு மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன் என்பது மட்டும் நிஜம்.

எங்கள் ஆலையில் வெளியாள் ஒருவர் கையில் நோட்டோடு உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. வாட்ச்மேன் கேட்டிலிருந்து போன் போடுவார். ஒரு அறைக்கு நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர் இருந்தால் இரண்டு பேரைப் பின்பக்க உடைமரத்துக்குக் கீழே அனுப்பிவிடுவோம். மற்றவர்களுக்குப் பதில் மனப்பாடம். எத்தனை பேர்? நாலு பேர். குறை ஏதும் உண்டா? ஒண்ணுமில்லைங்க. பயிற்சி கொடுத்தார்களா? கொடுத்தாகங்க. அந்தப் பதில்களைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? போர்மேனாக இருந்த உன் அப்பன்தான். இருபது வருஷம் சொல்லிக் கொடுத்தேன். நான் நல்ல வாத்தியார், ஒருத்தனும் பெயிலானதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் ஆட்கள் உள்ளே வரும்போது போர்மேன் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்க வேண்டும். வெடிக்கு இடுகிற ரசாயனத்தை நாங்கள் மருந்து என்போம். அதைக் கலக்கிற அறைக்குள் குடித்தவன் போகக் கூடாது, காய்ச்சல்காரன் போகக் கூடாது, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனும் போகக் கூடாது. அறை வாசலில் இருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டால் உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். மனசில் இருப்பதை இறக்கத் தகடு கிடையாது, அதற்குத்தான் போர்மேன். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்து அறையில் ஒருவன் கை தடுமாறினால் பக்கத்து அறையில் திரி போடுகிற பெண்களும் சேர்ந்து போவார்கள். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், உனக்கும் சில வீடுகள் தெரியும். ஆனால் எல்லார் முகத்தையும் பார்க்கிற போர்மேனின் முகத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

காளிராஜை உனக்கு ஞாபகம் இருக்கும். தாயில்பட்டிக்காரன், கோயில் திருவிழாவில் உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினவன். என்னோடு மருந்து அறையில் வேலை பார்த்தான். வாய் ஓயாது அவனுக்கு. அந்த ஆய்வுக்காரர்கள் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு நாள் டீ நேரத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்குண்ணே. போய்ச் சேந்துட்டா நல்லதுன்னு தோணுது" என்றான். சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்து எழுந்து, அவனை மருந்து அறையிலிருந்து எடுத்து வெளி வேலைக்கு மாற்றினேன். அட்டைப்பெட்டி அடுக்கவும் லோடு ஏற்றவும் விட்டேன்.

விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் அவனை மாற்றியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன் பார், அதுதான் நான் செய்த பாவம். அவன் அருகில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து என்னடா என்று கேட்கவில்லை. அதைவிடப் பெரியதும் ஒன்று இருக்கிறது. அவன் சொன்ன அதே நினைப்பு எனக்கும் இருந்தது. அவன் வாய்விட்டுச் சொன்னான், நான் சொல்லவில்லை. சொன்னவனை வெளியே அனுப்பிவிட்டு, சொல்லாதவன் நான் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். மறுநாளிலிருந்து டீ நேரத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மனசில் ஏதாவது இருந்து அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அத்தனை பேரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஆய்வு வந்தது. ஒரு பொண்ணும் ஒரு பையனும். மரியாதையான பிள்ளைகள், ஒரு குறை சொல்ல முடியாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பன்னெண்டு பேர் வேணுமாம். பேசத் தெரிஞ்ச ஆளாப் பாத்து அனுப்புங்க. வம்பு இழுக்கிறவன் வேண்டாம்" என்றார். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரை அனுப்பினேன். ஆய்வு அறிக்கையில் 'நிறுவனத்தின் உதவியுடன் பங்கேற்பாளர்கள் தேர்வு செய்யப்பட்டனர்' என்று ஒரே வரியில் இருக்கிறது. அந்த உதவி நான்தான். பேட்டி நடந்தது எங்கள் சாப்பாட்டுக் கொட்டகையில். நான் வெளியே நின்று ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினேன். அனுப்பும்போது, "என்ன கேட்டாலும் குறையில்லைன்னு சொல்லுங்கலே" என்று சொல்லியும் வைத்தேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிப் பழகிய வாய் தன்னால் சொன்னது.

சாயங்காலம் காளிராஜ் லோடு ஏற்றுகிற இடத்திலிருந்து நேரே என்னிடம் வந்தான்.

"ஏண்ணே, என் பேரை மட்டும் விட்டுட்டீக?"

"உனக்கு வாய் சும்மா இருக்காதுலே, அதான்."

"பேசுறதுக்குத்தானண்ணே அவுக வந்திருக்காக. பேசத் தெரிஞ்சவனை விட்டுட்டு ஊமைகளா அனுப்புனா அந்தப் பிள்ளைக என்னத்தை எழுதும்?"

அவன் அன்றைக்குக் கேட்டதைத்தான் நீ பதினெட்டுப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும், மகனே. நீ பத்துக் கேள்வி வைத்து மார்க் போட்டிருக்கிறாய். ஒப்புதல் வாங்கினார்களா, ஆம். பதிவு செய்தார்களா, ஆம். பிறகு தரவு நிறைவு என்று ஒன்று. பத்தாவது ஆளுக்கு மேல் புதிதாக எதுவும் வரவில்லை, எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள், ஆகவே போதுமான ஆட்களிடம் கேட்டுவிட்டார்கள் என்று அதற்கு முழு மார்க் கொடுத்திருக்கிறாய். எல்லாரும் ஒன்றையே சொன்னால் அது நிறைவுதானா? பன்னிரண்டு ஆம்பளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு, பன்னிரண்டு பேரும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று சந்தேகம் வர வேண்டாமா? பேட்டி எடுத்த இடம், கூட்டிவந்த ஆள் பற்றிய கேள்விக்கு, 'தெளிவாகச் சொல்லப்படவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். அந்த ஒரு வரிக்குள்தான் உன் அப்பன் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பேட்டி எடுத்தது அந்தப் பொண்ணு. உன்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தது இருக்கும். "ஐயா, உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டது. நான் அந்தப் பொண்டாட்டி பிள்ளை வசனத்தைச் சொன்னேன். அது உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்கில் நான் மற்றவர்களைப் பார்த்தேனே, அந்த மாதிரிப் பார்வை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். அப்போது வெளியே மேனேஜர் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. கடைசியாக, "நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்காய்யா?" என்றது. ஒண்ணுமில்லைங்க என்றேன். அறிக்கையில் அந்த இடம் இல்லை. நான் விழுங்கினது எப்படி டேப்பில் வரும்?

ஏன் அப்படித் தோன்றியது என்று நீ கேட்பாய். உன் படிப்பில் காரணம் வேண்டும். எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. உன்னாலோ உன் அம்மாவாலோ அல்ல, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். அந்த வருஷ சீசன் முடிந்து ஆலை நான்கு நாள் மூடியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். திங்கள்கிழமை மறுபடி அதே கேட், அதே முகங்கள், அதே தகடு. எனக்கு இதைத் தவிர வேறு வேலை தெரியாது. விடவும் முடியாது, இருக்கவும் பிடிக்கவில்லை. எங்கே திரும்பினாலும் சுவர்தான் என்று தோன்றியது. அப்புறம் அந்த நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. துக்கம் போலக்கூட இல்லை, அலுப்பு போல இருந்தது.

அந்தப் பொண்ணு கேட்டுவிட்டுப் போன மறுநாள் காலை, தகட்டில் கை வைத்தேன். உள்ளே போகக் கால் எழவில்லை. பக்கத்து அறையில் நான்கு பெண்கள் ஏதோ கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை நம்பித்தானே இவர்கள் சிரிக்கிறார்கள் என்று தோன்றியதும் தகட்டிலிருந்து கையை எடுத்தேன். நேரே மேனேஜரிடம் போய், முழங்கால் வலி, இனிமேல் மருந்து அறையில் நிற்க முடியாது, பேக்கிங் பக்கம் போட்டுவிடுங்கள் என்றேன். போர்மேன் வேலையும் போயிற்று. அன்றைக்குச் சொன்ன முழங்கால்தான், மகனே. என் முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது.

அப்போது நீ கடைசி வருஷக் கல்லூரியில் இருந்தாய். விஷயம் கேள்விப்பட்டு வந்து குதித்தாய். "ஊர்ல அம்புட்டுப் பேரும் மேல போறாக, நீங்க மட்டும் ஏம்ப்பா கீழ இறங்குறீக? கால்வலிக்குப் பயந்து பொம்பளைகளோட உக்காந்து லேபிள் ஒட்டப் போறீகளா?" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் மேல் கோபம் இல்லை. அது நான் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று என்று அன்றைக்கு உன்னிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் வருத்தம். அந்தப் பெண்கள் நால்வரும் இன்றைக்கும் வேலைக்கு வருகிறார்கள். நானும் வருகிறேன்.

ஆனால் அதையும் பொய் சொல்லித்தானே செய்தேன். மூன்று வருஷமாக அந்தப் பொய்க்குள் நொண்டிக்கொண்டிருக்கிறேன். படி ஏறும்போது மறக்காமல் முனக வேண்டும். உன் அம்மா தினமும் சாயங்காலம் தைலம் காய்ச்சி என் காலுக்குத் தேய்க்கிறாள். ஒரு நாள் தேய்த்துக்கொண்டே, "நேத்து வலது காலுன்னீக, இன்னைக்கு இடதை நீட்டுறீக?" என்றாள். நான் காலை மடக்கப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, ரெண்டுலயும் தேச்சுவிடுதேன்" என்று தேய்த்தாள். அவளுக்கு எம்புட்டுத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

உன் மதிப்பீட்டில் நீ அதிகம் மெச்சிய பகுதி, 'குடும்பப் பொறுப்பே ஆண்களைக் காக்கிறது' என்ற முடிவு. அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பாதி உண்மையை மட்டும் எழுதியிருக்கிறார்கள், நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டாய். பொறுப்பு என்னை நிறுத்தி வைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வாயைக் கட்டிப்போட்டதும் அதே பொறுப்புதான். சொன்னால் வேலை போகும், வேலை போனால் உன் படிப்பு நிற்கும், அம்மா பயந்து நடுங்குவாள், ஊர் உன்னை வேறு கண்ணால் பார்க்கும். உங்களுக்காக இருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே உங்களிடம் எதையும் சொல்ல முடியாமல் போனது. இதை எழுது. பேட்டியை ஆலைக்குள் எடுத்தால் ஆலையின் பதில்தான் கிடைக்கும் என்று எழுது. விட்டுப்போன ஆள் யார் என்று தேடினார்களா என்று கேள். உன் எழுத்தில் அந்தப் பிள்ளைகளைத் திட்டாதே, அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வைத்தது என்பதையும் சேர்த்து எழுது.

காளிராஜ் எப்படி இருக்கிறான் என்று கவலைப்படுவாய். அவன் எங்கள் ஆலையை விட்டுப் போய்விட்டான். இப்போது ஆலங்குளம் பக்கம் வேன் ஓட்டுகிறான். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவன் விடவில்லை. "அதை விடுங்கண்ணே. நான் பெரிய ஆஸ்பத்திரியில மனசு டாக்டரைப் பாக்குதேன். மாசம் ஒரு தடவை. மாத்திரை தாராக, அந்தம்மா உக்காந்து பேசவும் செய்யுது. இப்ப காலையில எந்திரிச்சா பசிக்குதுண்ணே" என்றான். கிளம்பும்போது என் காலைப் பார்த்தான், அப்புறம் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்குக் காலு ஒண்ணும் இல்லைல்ல? செவ்வாய்க்கிழமை போங்கண்ணே. வெளியில பெஞ்சு போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

போனேன். சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். அந்த நேரம் பார்த்து எங்கள் பேக்கிங்கில் வேலை பார்க்கிற மாரியம்மாள் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். "என்ன அண்ணாச்சி, இங்கன நிக்கீக?" என்றாள். "முழங்கால் வலிம்மா, வரிசை தெரியாம நின்னுட்டேன்" என்றேன். அவள் பாவம், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எலும்பு டாக்டர் வரிசையில் நிறுத்திவிட்டாள். அங்கே ஒன்றரை மணி நேரம் நின்று, நல்ல காலை டாக்டரிடம் நீட்டி, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பாக வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த நினைப்பு இப்போதும் வருகிறது. தினமும் இல்லை. வந்தால் தனியாக உட்காராமல் ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போய்விடுகிறேன், இப்போதைக்கு அது போதுமாக இருக்கிறது. எப்போதும் போதாது என்று எனக்கே தெரிகிறது. அதனால்தான் இதை உன்னிடம் சொல்கிறேன். உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். போனில் நான் எப்போது கேட்டாலும், "நல்லா இருக்கேன்ப்பா, சாப்ட்டேன்ப்பா" என்கிறாய். ஒரு நாளும் மாறினதில்லை. அந்தப் பதிலை நீ யாரிடம் படித்தாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது. நேரில் வரும்போது வேறு பதில் இருந்தால் சொல், நான் எழுந்து போய்விட மாட்டேன்.

இந்தக் கடிதத்தை மடித்த பிறகு அம்மாவிடமும் சொல்லப் போகிறேன். தைலப் பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது, அவள் மூட்டுக்குத்தான் அது வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வா. நீ டாக்டரிடம் எனக்காகப் பேச வேண்டாம், சீட்டும் நானே வாங்கிக்கொள்வேன். அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்து, எதற்கு இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் நீ பதில் சொல்லாதே. நான் சொல்கிறேன். இந்தத் தடவை முழங்கால் என்று சொல்ல மாட்டேன்.

உன் அப்பா